கொரியாவில் தமிழைத் தேடுகிறவர்களுக்கு

அந்த வாட்சப் செய்தி சென்ற வாரம் மறுபடியும் வந்தது. கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்ததாம். ஆயிரக்கணக்கான சொற்கள் பொதுவாம். அந்த நாட்டின் பழைய அரசி ஒருத்தி செம்பவளம் என்ற தமிழ்ப் பெண்ணாம். அனுப்பியவர் பதினெட்டு ஆண்டு என் எதிர் மேசையில் இருந்தவர். கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "நாலு தடவை போய் வந்தீங்களே சார், நம்ம ஆளுங்களைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. கொரியர்களைப் பார்த்தேன். அதற்கே நாலு தடவை போதவில்லை. (பணம் எங்கிருந்து என்று கேட்பவர்களுக்கு: மாடிமேல் மாடி கட்டவில்லை, அவ்வளவுதான்.)

முதல் பயணத்தில் நானும் இதே நோயோடுதான் போனேன். சட்டைப்பையில் ஒரு சின்ன டைரி. அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு அப்பா, நாளுக்கு நல், புல்லுக்குப் புல், நானுக்கு நா. பூசான் நகரத்து ஜகல்ச்சி மீன் அங்காடியில் ஒரு மீன்காரம்மாவிடம் இந்தப் பட்டியலை உற்சாகமாக வாசித்துக் காட்டினேன். நடுவயதுப் பெண்களை அங்கே அஜும்மா என்பார்கள். அதிலும் நம் அம்மா இருக்கிறாள் என்று குறித்துக்கொண்டவன் நான். அந்த அம்மாள் மரியாதைக்குச் சிரித்துவிட்டு மீன் அரியப் போய்விட்டாள். அவள் அரிந்த மீனின் பெயரைக்கூடக் கேட்காமல் விடுதிக்குத் திரும்பினேன்.

இரண்டாவது முறை போனபோது கேட்டேன். கல்ச்சி என்றாள். நம் பெரிய மார்க்கெட்டில் வாளை என்று விற்கும் அதே வெள்ளி நாடா மீன். கல் என்பது அவர்களுடைய பழைய மொழியில் கத்தி. நம் வாளையில் வாள் இருக்கிறது. பிரெஞ்சில் இதைச் சபர் மீன் என்பார்கள், அதாவது பட்டாக்கத்தி மீன். மூன்று ஊர் மீனவர்களும் ஒருவரையொருவர் கேட்டா பெயர் வைத்தார்கள்? மீனைப் பார்த்தார்கள், கத்தி போல இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா, அப்பா கதையும் இப்படித்தான். பிரெஞ்சுக் குழந்தையும் மமான், பப்பா என்றுதான் கூப்பிடுகிறது. பல் முளைக்காத வாய்க்கு முதலில் வருவது உதட்டு ஒலி. இதை வைத்துப் பிரெஞ்சுக்காரனைப் பங்காளி என்று யாரும் சொல்லக் காணோம். கொரியர்கள் எண்ணும் முறையைக் கேட்டுப் பாருங்கள்: ஹனா, துல், செத், நெத். ஒன்று, இரண்டு எங்கே போயிற்று? தண்ணீர் முல், கை சோன், கண் நுன். இவையெல்லாம் வாட்சப்பில் வருவதில்லை.

இந்த ஒப்பீட்டை முதலில் கிளப்பியவர்கள் நாம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொரியாவுக்குப் போன பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கவனித்தார்கள். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இல் கொரிய, திராவிட இலக்கணங்களை ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். அவர் சோம்பேறி அல்ல. கொரிய விடுதலைக்காக உழைத்தவர். சியோலில் ஹான் ஆற்றங்கரையோரம் யாங்ஹ்வாஜின் கல்லறையில் இருக்கிறார், அங்கேயும் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தேன். ஆனால் மொழியறிஞர்கள் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. வினைச்சொல் கடைசியில் வருவதும் விகுதிகள் ஒட்டுவதும் ஜப்பானிய மொழியிலும் உண்டு, துருக்கியிலும் உண்டு.

இனி அரசி. பூசானின் சசாங் நிலையத்தில் ஓட்டுநர் இல்லாத இரண்டு பெட்டி ரயிலில் ஏறினால் கிம்ஹே போகலாம். அங்கே ஒரு புல்மேடுதான் ஹோ ஹ்வாங்-ஓக் அரசியின் சமாதி. அவள் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் செந்நிறக் கற்களின் சிறு கோபுரமும் உண்டு. அழகான இடம், மூன்று முறை போயிருக்கிறேன். அவள் கதை உள்ள நூல் சம்குக் யூசா. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்தது. அரசி வந்ததாகச் சொல்வது கி.பி. 48. இடையில் பன்னிரண்டு நூற்றாண்டு. அரசியின் ஊர் அயுத்தா என்று எழுதியிருக்கிறது. அது அயோத்தி என்று சொல்லி 2001இல் அங்கே நினைவிடமே எழுப்பிவிட்டார்கள். நம்மவர்கள் கன்னியாகுமரிப் பக்கம் இழுக்கிறார்கள். செம்பவளம் என்ற பெயர் அந்த நூலில் கிடையாது. ஹ்வாங்-ஓக் என்றால் மஞ்சள் நிற மணிக்கல். நம்மவர்கள் அதைச் சிவப்பாக்கிப் பவளமும் ஆக்கிவிட்டார்கள். இப்படி ஒரு திருத்தத்தைக் கோப்பில் செய்திருந்தால் என் மேலதிகாரி விளக்கம் கேட்டிருப்பார்.

விளையாட்டுக்குத்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்கள் அப்படிச் சொல்லக்கூடாது. நம் மூதாதையர் கோல் நாட்டினர் என்று நாம்தான் வரலாற்றுப் பாடத்தில் ஒப்பித்தோம். மஞ்சள் முடி, தொங்கு மீசை. பள்ளி வாசலில் வேட்டியோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அப்பாவுக்கும் அந்தப் படத்துக்கும் என்ன உறவு என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரமில்லை. இப்போது நாம் அந்த வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கொரியனுக்கு அவன் பாட்டி யார் என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

அதே பாடத்தில் 1866 வரவே இல்லை. கொரிய அரசு கிறிஸ்தவர்களைக் கொன்றது, பிரெஞ்சுப் பாதிரிமார் ஒன்பது பேரும் அதில் போனார்கள். பதிலுக்குப் பிரெஞ்சுக் கப்பற்படை கங்ஹ்வா தீவைத் தாக்கி, அரசவைச் சடங்குகளைப் படத்தோடு பதிந்த ஏடுகளைத் தூக்கிச் சென்றது. 2011இல் 297 ஏடுகள் திரும்பின. அதுவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் இரவலாக! திருடினவன் இரவல் கொடுக்கிறான். மூன்றாவது பயணத்தில்தான் இது எனக்குத் தெரிய வந்தது. முதல் பயணத்திலும் சியோல் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன், டைரியோடு.

எழுத்தையும் நம்மவர்கள் விடுவதில்லை. சேஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் அறிவித்தார். சீன எழுத்து படிக்க வசதியில்லாத குடியானவனும் எழுதப் படிக்க வேண்டும் என்றுதான் செய்தார். படித்த பிரபுக்களின் எதிர்ப்பையும் தாங்கினார். அதையும் தமிழ்க் கணக்கில் எழுதிக்கொண்டால் அந்த மனிதருக்கு என்ன மிச்சம்?

நாலாவது பயணம் குவாங்ஜு. 1980 மே 18 முதல் பத்து நாள், இராணுவ ஆட்சி தன் சொந்த மக்களைச் சுட்ட ஊர். நகரின் நடுவில் ஒரு கட்டடத்தில் 245 குண்டுத் தடங்கள் கண்டெடுத்தார்கள், அந்த எண்ணையே கட்டடத்தின் பெயரில் சேர்த்துவிட்டார்கள். கல்லறைக்குப் போகும் நகரப் பேருந்தின் எண் 518. மாதமும் தேதியும். இருபது பேர்தான் அந்த வண்டியில். எனக்கு இடம் கொடுத்தவன் ஒரு பள்ளிக்கூடப் பையன். கல்லறையில் ஒரு குடும்பம் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஒம்மா என்று யாரோ கூப்பிட்டது காதில் விழுந்தது. டைரி விடுதியில் இருந்தது. நல்ல வேளை.

எதிர் மேசை நண்பருக்கு: அக்டோபரில் ஐந்தாவது முறை போகிறேன், இந்த முறை மோக்போ துறைமுகம். நீங்களும் வாருங்கள். முள்ளங்கி போட்டுக் காரமாக வைத்த கல்ச்சிக் குழம்பு என் செலவு.