மென்பவளம் பழக ஒரு மாலை போதாது

புதிதாக வாங்கிய மென்பவளத்தைத் தொட்டிக்கு எப்படிப் பழக்குவது என்று ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அது எதையும் தாங்கும். பைத் தண்ணீரோடு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மூன்று மணி நேரம் கலந்துவிட்டு உள்ளே வையுங்கள். மூன்று நாளில் விரியாவிட்டால் இடத்தை மாற்றிப் பாருங்கள்." கடையிலும் இதையேதான் சொல்லி அனுப்புகிறார்கள். இந்த அறிவுரையைக் கேட்டு நடப்பவர்களின் தொட்டிகளில், பிழைத்திருக்க வேண்டிய பவளங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் இதை வரிவரியாக மறுத்தே ஆக வேண்டும்.

முதலில் அந்தச் சொட்டு. வீட்டுக்கு வந்த முதல் மணி நேரத்தில் பவளத்துக்கு முக்கியமானவை இரண்டு: வெப்பநிலையும் உப்பளவும். மென்பவளத்தால் தன் உடலின் உப்பை மீனைப் போலக் கட்டுப்படுத்த முடியாது. சுற்றியுள்ள நீர் எப்படியோ அதுவும் அப்படியே. மீன் விற்கும் கடைகள் பலவற்றில் உப்பைக் குறைத்தே வைத்திருப்பார்கள். ஆகவே பையைப் பிரித்ததும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பையில் 1.025, தொட்டியில் 1.026 என்றால் கலக்கவே தேவையில்லை. பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் பவளத்தை மட்டும் எடுத்து வைத்துவிடலாம். பையில் 1.021 என்று காட்டினால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் மெதுவாகக் கலப்பது சரி.

அதற்கு மேல் நீட்டினால் கெடுதல்தான். பயணத்தில் அலைக்கழிந்த பவளம் கோழையைக் கக்கியிருக்கும், பைத் தண்ணீர் அழுக்காகியிருக்கும். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும். அதுவரை அமோனியமாக இருந்த கழிவில் ஒரு பங்கு நச்சு அமோனியாவாக மாறும். அந்த நீரில்தான் பவளத்தை மூன்று மணி நேரம் உட்காரவைக்கிறோம். போதாக்குறைக்கு, சென்னையின் மே மாதத்தில் தரையில் வைத்த சின்ன வாளி, 26 டிகிரியில் ஓடும் தொட்டியைவிட வெகு சீக்கிரம் சூடேறிவிடும்.

அடுத்தது, "மென்பவளத்துக்கு எந்த வெளிச்சமும் ஒத்துக்கொள்ளும்" என்பது. பழகியபின் ஒத்துக்கொள்ளும் என்பதே உண்மை. லெதர் என்று நாம் அழைக்கும் சார்கோஃபைட்டான் என்ற மென்பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அதன் உணவில் பெரும்பகுதியை அவைதான் வெளிச்சத்தைக் கொண்டு தயாரித்துத் தருகின்றன. கடையின் மங்கிய விளக்கடியில் சில வாரம் இருந்தால், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க அந்தப் பாசிகள் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். அதே பவளத்தை வீட்டின் பளீரென்ற எல்இடிக்குக் கீழே ஒரே நாளில் வைத்தால், கூட்டிய பச்சையமே பகையாகிறது. தாங்க முடியாத அளவு ஆற்றல் உள்ளே வந்து, தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகி, பவளம் தன் பாசிகளை வெளியேற்றத் தொடங்கும். பழுப்பு நிறம் வெளிறுவது இதனால்தான்.

பாசிகள் தம்மைத் திருத்திக்கொள்ளப் பல நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். எனவே விளக்கைப் பாதியாகக் குறைத்து மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுவதே நல்லது. விளக்கைக் குறைத்தால் மற்ற பவளங்கள் வாடும் என்றால், புதியதை மணல் தரையில் ஓரமாக வைத்துத் தொடங்குங்கள். வெளிச்சத்தை அளக்கும் பார் (PAR) மீட்டர் இரவல் கிடைத்தால் 50 முதல் 150 வரை உள்ள இடம் லெதருக்குப் போதும். வெளிச்சம் குறைந்தால் தண்டு நீண்டு விளக்கை நோக்கி வளரும். அதைத் திருத்த அவகாசம் உண்டு. வெளிச்சம் மிஞ்சினால் அவ்வளவு அவகாசம் கிடைக்காது.

இனி, எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் வாக்கியம்: "மூன்று நாளில் விரியாவிட்டால் இடத்தை மாற்று." லெதரை வளர்த்தவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். குடை போன்ற தலை சுருங்கும். ஒரு பாலிப்கூட வெளியே தெரியாது. மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல் மினுங்கி, இரண்டொரு நாளில் அதன்மேல் பழுப்புப் பாசியும் தூசும் படியும். பார்ப்பவர் செத்துவிட்டது என்றே நினைப்பார். ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் இப்படியே இருக்கும். பிறகு ஒரு காலையில் விளிம்பில் மெல்லிய ஏடு ஒன்று எழும்பி நீரோட்டத்தில் ஆடும். பாம்பு சட்டையை உரிப்பதுபோல் அழுக்கோடு சேர்ந்து முழு ஏடும் கழன்று போகும். அடியில் சுத்தமான தோல் இருக்கும். எட்டு இறகு விரல் கொண்ட பாலிப்கள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டும்.

ஏடு கழலும்வரை அதற்குத் தேவை நல்ல நீரோட்டம் ஒன்றே. வேவ்மேக்கரின் வீச்சு நேராகத் தாக்கக் கூடாது, மாறிமாறித் தழுவிப் போக வேண்டும். அந்த வாரத்தில் இடம் மாற்றினால் வெளிச்சமும் ஓட்டமும் மாறி, அது முதலிலிருந்து பழக வேண்டியதாகிறது. ஒவ்வொரு மாற்றமும் இப்படித்தான். உண்மையில் சாகும் பவளத்துக்கு வேறு அடையாளங்கள் உண்டு: அழுகல் நாற்றம், சதை கூழாகிக் கரைவது, அடித்தண்டு கறுத்துப் பிய்வது. அப்படியிருந்தால் காத்திருக்காமல் கூரிய பிளேடால் நல்ல சதைவரை வெட்டி எடுங்கள். மிச்சத் துண்டு பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தத் துண்டைக் கல்லில் ஒட்ட சூப்பர் குளூ உதவாது, கோழை வழுக்கிவிடும். வலைத்துணியால் தளர்வாகக் கட்டிவைத்தால் ஓரிரு வாரத்தில் தானே பற்றிக்கொள்ளும்.

"விரியவில்லையா, கொஞ்சம் தீனி போடு" என்பதும் பயன்படாது. மூடிய பவளம் தின்னாது, தண்ணீர்தான் கெடும். துடிக்கும் ஜீனியா என்ற மென்பவளத்தைப் பார்த்து அது இரை பிடிக்கிறது என்பார்கள். செங்கடலில் அதன் நெருங்கிய உறவான ஹெட்டெரோஜீனியாவை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, அந்தத் துடிப்பு திசுவைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனை அகற்றி ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறது என்று காட்டியது. ஆகவே ஜீனியாவுக்குத் தேவை வெளிச்சமும் நல்ல நீரும்.

"மென்பவளத்துக்கு அழுக்குத் தண்ணீர்தான் பிடிக்கும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத நீரில் அது மெலிந்துபோகும். ஆனால் அழுக்கு என்றால் நைட்ரேட் மட்டுமல்ல. லெதர் வகைகள் டெர்பீன் என்னும் வேதிப்பொருள்களை நீரில் கசியவிட்டு அண்டை பவளங்களை ஒடுக்கும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் சாமர்கோ, கோல் என்னும் ஆய்வாளர்கள் 1980களில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். திறந்த கடலில் அது கரைந்துபோகும், 200 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? புதிய லெதர் வரும் வாரத்தில் ஆக்டிவேட்டட் கார்பன் புதிதாகப் போடுங்கள், ஸ்கிம்மரை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, "எல்லாம் பழகிவிடும்" என்ற சொல். டென்ட்ரோநெஃப்தியா பழகாது. சிவப்பும் ஆரஞ்சுமாக, கடையிலேயே மிக அழகாக நிற்பது அதுதான். அதன் உடலில் பாசிகள் இல்லை. நீரில் மிதந்துவரும் மிக நுண்ணிய உயிர்களை இடைவிடாமல் தின்றுதான் வாழ வேண்டும்; வீட்டுத் தொட்டியில் அந்த அளவு தீனி போட்டால் தண்ணீர் நாறிவிடும், போடாவிட்டால் அது வாரக்கணக்கில் சுருங்கிச் சுருங்கிப் பட்டினியில் சாகும். எத்தனை மணி நேரம் சொட்டவிட்டாலும் இது மாறாது. விற்பவர் எவ்வளவு சொன்னாலும் அதை வாங்காதீர்கள்.