தங்கச்சி மனையியல் குரூப் கேட்டா, உடனே ‘வேணாம்’னு சொல்லிடாதீங்க

பத்தாவது ரிசல்ட் வந்ததும் பிளஸ் ஒன்ல எந்த குரூப்னு கேள்வி வரும். நம்ம ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நிறைய வீடுகள்ல அதுக்குப் பதில் சொல்றது அப்பா அம்மா இல்ல. மாசச் சம்பளம் வாங்குற அண்ணன், இல்லன்னா அக்கா. அதாவது இதைப் படிச்சிட்டிருக்கிற நீங்க. ஃபீஸ் கட்டப்போறது நீங்கங்கிறதால கடைசிப் பேச்சும் உங்களோடதுதான்.

அந்த நேரத்துல தங்கச்சி “மனையியல் எடுக்கிறேன்”னு சொன்னா, இல்ல தொழிற்கல்வியில உணவக மேலாண்மை, ஆடை வடிவமைப்புன்னு கேட்டா, வீட்ல என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும். “சமைக்கிறதுக்கும் தைக்கிறதுக்கும் ஸ்கூலுக்கு எதுக்குப் போகணும்?” தம்பி கேட்டா இன்னும் மோசம், சிரிச்சே விரட்டிடுவாங்க. (நம்ம ஏரியா கேன்டீன், பிரியாணி கடைன்னு போனா மாஸ்டர் பெரும்பாலும் ஆம்பளைதான். அதுக்கு மட்டும் யாரும் சிரிக்கிறதில்ல.)

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மார்க் கம்மியா எடுத்த பிள்ளைங்களைத் தள்ளிவிடுற இடமா இந்த குரூப்பைப் பார்க்காதீங்க. பிளஸ் டூவுக்கு அப்புறம் எங்கே போறோம்னு தெரிஞ்சு எடுத்தா, உங்க பணத்துக்கு இது நல்ல முதலீடு. தெரியாம எடுத்தா ரெண்டு வருஷம் போனதுதான் மிச்சம்.

மனையியல்னா சமையல் குறிப்பு இல்ல. உணவும் ஊட்டச்சத்தும், மனித வளர்ச்சி, துணியும் ஆடையும், குடும்ப வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வின்னு அஞ்சு கிளை. அதுல குடும்ப வள மேலாண்மைன்னா என்ன? வரவு செலவுத் திட்டம், சேமிப்பு, நுகர்வோர் உரிமை. நான் சேனல்ல வாரா வாரம் தொண்டை வரளப் பேசுறது இதைத்தான். பொட்டலத்துல எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் பார்க்கிறது, நகையில ஹெச்யுஐடி பார்க்கிறது, ஏமாந்தா 1915-க்கு போன் போட்டுப் புகார் கொடுக்கிறது எல்லாம் பதினாறு வயசுலயே தெரிஞ்சிருக்க வேண்டியது. நம்மில் பல பேர் கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டிக் கட்டித்தான் வட்டின்னா என்னன்னே கத்துக்கிட்டோம்.

சரி, வேலை எங்கே இருக்கு? துறைமுகம், தெர்மல், ஆலைகள்னு இருக்கிற ஊர்ல நமக்கு ஃபிட்டர், வெல்டர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த ஃபிட்டர் மத்தியானம் எங்கே சாப்பிடுறார்? 1948 தொழிற்சாலைச் சட்டப்படி 250 பேருக்கு மேல வேலை செய்ற ஆலையில கேன்டீன் வைக்கச் சொல்லலாம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 100 பேர்னு இறக்கிடுச்சு, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து. 50 பேருக்கு மேல இருந்தா குழந்தைகள் காப்பகமும் பேச்சுல வருது. முன்னாடி அது 30 பெண் தொழிலாளர்களுக்கு மேல இருந்தால்தான். கேன்டீனும் காப்பகமும் யாரு நடத்துவா? இந்தப் படிப்பு படிச்சவங்கதானே.

கேன்டீன் கான்ட்ராக்ட் கணக்குகளைப் பார்த்த அனுபவத்துல சொல்றேன். அரிசி விலை ஏறினதால நஷ்டப்பட்டவங்களை விட, எத்தனை பேருக்கு எவ்வளவு வடிக்கணும், ஒரு பிளேட்டுக்கு அடக்க விலை என்னன்னு தெரியாம நஷ்டப்பட்டவங்கதான் அதிகம். ருசியா சமைக்கிறவர் இருப்பார். மிச்சம் எவ்வளவு கொட்டினோம்னு எழுதி வைக்க ஆள் இருக்காது. அந்த நோட்டைப் போடத் தெரிஞ்சவங்க அந்தக் கிச்சன்ல மேனேஜர் ஆகிடறாங்க. கூடவே மருத்துவமனை உணவுப் பிரிவு, கடல் உணவு பதப்படுத்தற யூனிட், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணி வியாபாரம்னு வழி நிறைய.

ஒளிக்காம சொல்றேன், ஆரம்பச் சம்பளம் கம்மிதான். நிக்கிற நேரம் அதிகம், பண்டிகை நாள்ல லீவு கிடையாது. இதைத் தங்கச்சிகிட்ட இப்பவே சொல்லிடுங்க.

இப்ப உங்க பாக்கெட். பிடிக்காத இன்ஜினியரிங்ல சேர்க்க 4 லட்சம் பர்சனல் லோன் போட்டீங்கன்னு வைங்க. 14% வட்டி, 5 வருஷம்னா மாச இஎம்ஐ சுமார் 9,300. வட்டி மட்டும் 1.58 லட்சம். இதுக்கு வரிச்சலுகையும் கிடையாது. நாம 80இ-ன்னு சொல்லிப் பழகின கழிவு, வங்கி மாதிரி நிறுவனத்துல எடுத்த கல்விக்கடனுக்குத்தான். அதுலயும் படிக்கிறது நீங்களோ, உங்க கணவன் மனைவியோ, பிள்ளையோ, நீங்க சட்டப்படி காப்பாளரா இருக்கிற மாணவரோவா இருக்கணும். கூடப்பிறந்தவங்க அந்தப் பட்டியல்லயே இல்ல. புது வரி முறையில இருந்தா யாருக்குமே கிடையாது. பல பேர் பிப்ரவரி மாசம் ஹெச்ஆர்கிட்ட பேப்பர் கொடுக்கும்போதுதான் இதைத் தெரிஞ்சுக்கிறாங்க. கடன் வேணும்னா தங்கச்சி பேர்ல கல்விக்கடனா எடுங்க. நாளைக்கு அவங்க சம்பாதிச்சு, பழைய முறையில இருந்தா, வட்டிக்கழிவு அவங்களுக்குக் கிடைக்கும்.

அரசுப் பள்ளியில ஆறாவதுலேர்ந்து படிச்ச பொண்ணா இருந்தா காலேஜ்ல புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும், தம்பிக்குத் தமிழ்ப்புதல்வன். மூணு வருஷ டிகிரிக்கு 36,000. பஸ் செலவும் புத்தகமும் அதுலயே முடியும்.

அடுத்தது கதவுகள். கணிதமும் இயற்பியலும் இல்லாத குரூப்ல சேர்ந்தா பி.இ. ஆசையை மறந்துடணும். நீட் எழுதணும்னா இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணும் வேணும். ஆனா தரமணியில இருக்கிற மத்திய ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரிக்கு எந்த குரூப்பும் போதும், பிளஸ் டூல ஆங்கிலம் இருக்கணும், நுழைவுத்தேர்வு எழுதணும். பக்கத்துலயே நிஃப்ட், அங்கே டிசைன் படிப்புக்கும் அப்படித்தான், பி.எஃப்.டெக்னா கணிதம் கேட்பாங்க. ஏன், சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கே எந்த குரூப்னு யாரும் கேட்கிறதில்ல. டயட்டீஷியன் ஆகணும்னா மட்டும் கவனமா இருங்க. பி.எஸ்சி. ஊட்டச்சத்துக்குச் சில காலேஜ்ல அறிவியல் குரூப் கேட்பாங்க, சிலதுல மனையியலே போதும். அதனால முதல்ல காலேஜ் ப்ராஸ்பெக்டஸைப் பாருங்க, அப்புறம் பிளஸ் ஒன் குரூப்பை முடிவு பண்ணுங்க. வேலைக்குப் போய்க்கிட்டே தபால்ல படிச்சுக்கலாம்ங்கிற கணக்கும் இனி செல்லாது. உணவு, ஊட்டச்சத்துப் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியில நடத்தறதை யுஜிசி 2025-லேயே நிறுத்திடுச்சு.

இந்த குரூப் எல்லாப் பள்ளியிலும் இருக்காது. இருக்கிற பள்ளியில பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்காங்களா, செய்முறைக்கு அடுப்பும் தையல் மிஷினும் ஓடுதா, போன வருஷம் படிச்சவங்க எங்கே சேர்ந்தாங்கன்னு கேளுங்க. அட்மிஷன் அன்னைக்கு அரை நாள் லீவு போட்டு நீங்களே கூடப் போங்க. லேப் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்க.