செயலி காட்டும் எண்ணும் சாமைச் சோறும்

சாமை அரிசி வாங்க வருகிறவர்களில் சிலர் இப்போது விலையைக் கேட்குமுன் செல்பேசியை எடுக்கிறார்கள். செயலியில் ‘சாமை’ என்று தட்டி, அதில் வரும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுகிறார்கள். இது பட்டணத்தார் சங்கதி, நமக்கென்ன என்று சேர்வராயன் மலை விவசாயிகள் இருந்துவிடக் கூடாது. நம் விளைச்சலின் பெயரும் நம் வீட்டார் உடல்நலமும் இதில் அடங்கியிருக்கின்றன.

அந்த எண்ணுக்குக் கிளைசீமிக் குறியீடு என்று பெயர். கனடா நாட்டு டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் இதை வகுத்தனர். 50 கிராம் மாவுச்சத்து உள்ள உணவைச் சிலருக்குக் கொடுத்து, 2 மணி நேரம் ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பார்கள். குளுக்கோஸை 100 என்று வைத்து அதனோடு ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு. 70-க்கு மேல் அதிகம்.

ஆனால் சோதித்தது எந்தச் சாமை? தவிட்டோடு இருந்ததா, வெள்ளையாகத் தீட்டியதா? உதிரியாக வடித்த சோறா, மாவாக்கிக் காய்ச்சிய கஞ்சியா? பல செயலிகள் இதைச் சொல்வதில்லை. தானியம் ஒன்றேயானாலும் தீட்டத் தீட்ட, அரைக்க அரைக்க, குழைய வேகவைக்க அது விரைவில் செரித்துச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். பருப்பும் கீரையும் சேர்த்து உண்டால் அந்த வேகம் தணியும்.

அளவும் முக்கியம். தர்ப்பூசணிக்கு எண் அதிகம். ஆனால் ஒரு துண்டில் உள்ள மாவுச்சத்து சொற்பம். ஐஸ்கிரீமிலுள்ள கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் அதற்கு எண் குறைவு. அதனால் அது நல்ல உணவாகிவிடுமா? எண் குறைவென்று சாமைச் சோற்றை இரு மடங்கு உண்டாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆகவே செயலி ஒரு கைகாட்டி; அதுவே தீர்ப்பு அல்ல.

இதிலிருந்து மலை விவசாயி செய்யவேண்டியது என்ன? பார்வைக்கு அழகாயிருக்கும் என்று சாமையை வெள்ளையாகத் தீட்டுவதை நிறுத்த வேண்டும். வாங்குவோர் தேடி வருகிற குணமே தவிட்டோடு போய்விடுகிறது. தவிட்டில் எண்ணெய்ச் சத்து உண்டாதலால், தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். எனவே உமியோடு சேமித்து வைத்து, விற்பனைக்கு வேண்டிய அளவு மட்டும் அவ்வப்போது உமி நீக்குவதே நல்லது. பையின் மேல் ‘தவிட்டுடன் கூடியது’ என்று எழுதுங்கள். ‘சர்க்கரை நோய்க்கு மருந்து’ என்று எழுதாதீர்கள், அது உண்மையல்ல.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. விளைந்த சாமையை விற்றுவிட்டு, தீட்டிய அரிசிச் சோற்றையே மூன்று வேளையும் உண்ணும் வழக்கம் மலையிலும் பரவிவிட்டது. தமிழகத்தில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைப் போக்கிய அந்த அரிசியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நோயின் முந்தைய நிலையில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றும் அது காட்டியது. மலை ஏறி இறங்குகிறவனுக்கு இந்நோய் வராது என்று இனி நம்பியிருக்க முடியாது.

ஆகவே விற்பதற்கு முன், வீட்டுக்கென்று சில மூட்டை சாமையை ஒதுக்கி வையுங்கள். நாளுக்கு ஒரு வேளையாவது, அளவோடு, அவரையும் கீரையும் சேர்த்து உண்ணுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்றவேண்டும். சாமையின் அருமையைச் செல்பேசி பார்த்துப் பட்டணத்தார் தெரிந்துகொள்கிறார்கள். அதை விளைவிக்கும் வீட்டு உலையில் அந்தச் சாமை கொதிக்காமல் போகலாமா?