ஓதம் ஏறிய சுவரும் ஏறுகிற வாடகையும்

ஃபீனிக்ஸ் பேயில் வாடகைக்கு இருக்கும் நம் குடும்பங்கள் சுவரைக் காட்டி முறையிட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அந்தமானில் மழை அப்படி. பிடிக்காவிட்டால் வேறு வீடு பாருங்கள்." இந்தப் பதிலை நாம் ஏற்பதற்கில்லை.

மழை அதிகம்தான். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட இந்தப் போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 300 செ.மீ. பெய்கிறது, சென்னையைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் மழை பெய்வது வேறு, சுவருக்குள் தண்ணீர் ஏறுவது வேறு. அஸ்திவாரத்தின் மேல் ஓதத் தடுப்பு அடுக்குப் போடாமல் கட்டிய சுவர், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. கழுவாத கடல் மணலில் பூசினால் அந்த உப்பு காற்றின் ஈரத்தையும் இழுக்கும். கான்கிரீட்டில் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். 2002-ல் உச்ச நீதிமன்றம் இங்கே மணல் அள்ளக் கட்டுப்பாடு விதித்த பின் நல்ல மணலுக்குத் தட்டுப்பாடு என்பது உண்மையே. அதற்கு நம் குழந்தைகளின் நெஞ்சா விலை?

சமையல் ஆவியும் வீட்டுக்குள் காயப்போடும் துணியும் ஓரளவு காரணமாகலாம். எது காரணம் என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்புறம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறப்பதும் பீரோவைச் சுவரைவிட்டுத் தள்ளி வைப்பதும் நம் வேலை. சுவர்ப் பக்கம் நனைந்தால் அது வீட்டுக்காரர் வேலை. பிப்ரவரியில் சுண்ணாம்பு அடித்துக் காட்டிவிட்டுப் போவது பழுது பார்த்ததாகாது. ஈரச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினாலோ ஓதம் இன்னும் மேலேதான் ஏறும்.

ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் ஆஸ்துமாவும் மூச்சுக் கோளாறும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே கூறிவிட்டது. இங்கிலாந்தின் ராச்டேலில் சூடானிலிருந்து குடியேறிய பெற்றோரின் இரண்டு வயது மகன் ஆவாப் இஷாக் 2020-ல் இறந்தான். வீட்டுப் பூஞ்சணமே காரணம் என்று 2022-ல் விசாரணையில் முடிவாயிற்று. அதுவரை குடும்பத்தின் வாழ்க்கை முறையின் மேல்தான் பழி! வாடகை வீட்டுச் சங்கங்கள் குறித்த காலத்துக்குள் ஓதத்தைச் சரிசெய்ய வேண்டும் என்ற சட்டம் இன்று அங்கே அவன் பெயரால் வழங்குகிறது. குடியேறி வந்தவனுக்கு எந்த ஊரிலும் இதே பேச்சுத்தான் போலும்.

நம் நாட்டில் 2021-ல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், கட்டுமானப் பழுதையும் வெள்ளையடிப்பையும் உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொண்டால் தவிர. அந்தத் 'தவிர'வில்தான் ஆபத்து. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்களில் நம் சங்கத்தாரும் உண்டு. அவர்கள் மனம் நோகும் என்று நாம் வாய்மூடி இருக்கமாட்டோம். கூரையும் சுவரும் பழுது பார்க்க ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் காலம். மே பிறந்தால் மழை. பழுதுக்கு மனு எழுதித்தரச் சங்கம் தயார். வாடகை ரசீது இல்லாதவர்கள் இம்மாதமே கேட்டு வாங்கி, மனுவுக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.