3 லைஃப், ஒரே காயின்: பழைய வீடியோ கேம் ஏன் அவ்வளவு கஷ்டமா இருந்தது? இன்றைய செல்போன் கேம் எங்கே மாறுது?

"30 லைஃப் இல்லாம கான்ட்ராவை முடிச்சிருக்கியா?" 90களில் பள்ளிக்கூடம் போன யாரிடமும் இதைக் கேட்டுப் பாருங்க. சுசீந்திரம் டீக்கடையா இருந்தாலும் சரி, சென்னை ஐடி அலுவலகமா இருந்தாலும் சரி, ஒரு கதை நிச்சயம் வரும். கூடவே, "அப்போ உள்ள கேம்தான் மக்கா கேம், இப்ப எல்லாம் ஈஸி" என்ற பெருமூச்சும் வரும்.

இந்த ஏக்கத்தில் எவ்வளவு உண்மை இருக்கு? ஆன்லைன் கேம்களுக்கு மத்திய, மாநில அரசுகள் கடிவாளம் போடும் இந்த நேரத்தில், இது வெறும் மலரும் நினைவுக் கேள்வி இல்லை. கேமில் கஷ்டத்தை யார் வைக்கிறாங்க, எதுக்காக வைக்கிறாங்க என்பதுதான் விஷயம்.

கஷ்டம் எங்கிருந்து வந்தது?

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978-ல் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில், எதிரிகளைச் சுடச் சுட மிச்சம் இருப்பவை வேகமாக வரும். முதலில் இது திட்டமிட்டுச் செய்தது இல்லை. திரையில் உருவங்கள் குறையக் குறைய, அந்தக் கால மெஷினுக்கு வேலை குறைந்து வேகம் கூடியது. அதை உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ, விளையாட்டு சுவாரசியமாகுதே என்று அப்படியே விட்டுவிட்டார்.

ஆனால் பெரும்பாலான கஷ்டத்துக்குக் காரணம் வியாபாரக் கணக்குதான். ஒரு காயின் போட்டவர் அரை மணி நேரம் மெஷினை விடாமல் நின்றால் கடைக்காரருக்கு நஷ்டம். சில நிமிடங்களில் 'கேம் ஓவர்' வரணும், அடுத்த காயின் விழணும். பல மெஷின்களின் உள்ளே சின்னச் சின்ன சுவிட்சுகள் இருக்கும். எத்தனை லைஃப், எவ்வளவு கடினம் என்பதைக் கடைக்காரரே அதில் மாற்றலாம். "அந்தக் கடையில ஈஸி, இந்தக் கடையில கஷ்டம்" என்று பையன்கள் பேசிக்கொண்டது வெறும் கற்பனை இல்லை.

முஸ்தபாவும் கான்ட்ராவும்

கேப்காம் நிறுவனத்தின் 1993 வெளியீடு 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. அந்தப் பெயர் சொன்னால் நம்ம ஊரில் பலருக்குத் தெரியாது. அதில் வரும் ஒரு வீரனின் பெயரை வைத்து 'முஸ்தபா' என்றால் உடனே தெரியும்.

காயின் மெஷின் இல்லாத ஊர்களில், டிவியில் கேசட் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் வந்தன. கோனாமியின் 'கான்ட்ரா' 1987-ல் காயின் மெஷினில் வந்து, அடுத்த ஆண்டே வீட்டு டிவிக்கும் வந்தது. ஒரு குண்டு பட்டாலே லைஃப் போய்விடும்.

அதைத் தாண்ட ஒரு குறுக்கு வழி உண்டு. மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று பட்டன்களை வரிசையாக அழுத்தினால் 30 லைஃப் கிடைக்கும். இதை முதலில் 'கிரேடியஸ்' என்ற கேமுக்காக உருவாக்கியவர் கஸுஹிசா ஹஷிமோடோ. 1986-ல் அதன் வீட்டு வடிவத்தைச் சோதிக்கும்போது தன்னாலேயே ஆட முடியாத அளவு கஷ்டமாக இருந்ததால் போட்ட வழி அது!

அப்போ அது நல்ல கஷ்டமா?

முழுசா அப்படிச் சொல்ல முடியாது. காசு பிடுங்கும் நோக்கம் அதிலும் இருந்தது. ஆனாலும் மூணு விஷயம் ஆடுபவர் பக்கம் இருந்தது.

- பல கேம்களில் எதிரி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வருவான். மனப்பாடம் செய்தால் தாண்டலாம்.
- பழகப் பழக, அதே ஒரு காயினில் அதிக நேரம் ஆடலாம். திறமை கூடினால் செலவு குறையும்.
- பாக்கெட் காலியானால் வீட்டுக்குப் போயாகணும். செலவு கண் முன்னால் தெரியும்.

இன்றைக்கு என்ன மாறியது?

2012-ல் வந்த 'கேண்டி கிரஷ் சாகா'வை எடுத்துக்கொள்ளுங்க. ஆட இலவசம், 5 லைஃப். தீர்ந்தால் ஒரு லைஃப் திரும்ப வர 30 நிமிடம் காத்திருக்கணும், இல்லைன்னா காசு கொடுக்கணும். கேம் ஈஸி ஆகிவிடவில்லை. கஷ்டத்தைத் தாண்டும் வழி விற்பனைக்கு வந்திருக்கு. காயின் இருந்த இடத்தில் யுபிஐ வந்ததால், பாக்கெட் காலியாவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கஷ்டமே பிடிக்காது' என்பதும் சரியில்லை. 2022-ல் வந்த 'எல்டன் ரிங்' மிகக் கடினமான கேம். ஒரே ஆண்டில் 2 கோடி பிரதிகள் விற்றது.

சட்டம் என்ன சொல்லுது?

கர்நாடகாவில் வீடியோ கேம் நிலையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற உத்தரவை 1995-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மெஷினில் மாற்றம் செய்து ஆடுபவரை ஏமாற்ற முடியும் என்ற கவலை அப்போதே இருந்தது.

இன்றைய கவலை பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்கள். தமிழ்நாட்டில் 2022-ல் தனிச் சட்டம் வந்தது. 2025 விதிகளின்படி இந்த கேம்களுக்கு நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணி வரை தடை. இதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல், பணம் ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு காசு கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களை அது தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

ஆனால் பணம் ஜெயிக்கும் ஆசை காட்டாமல், லைஃப் மட்டும் விற்கும் கேம்கள் இந்தத் தடைக்குள் வராது. அங்கே காவல் வீட்டில்தான்.

பெற்றோர் எதைக் கவனிக்கலாம்?

பிள்ளை ஒரு கேமில் மூழ்கியிருந்தால், போனைப் பிடுங்கும் முன் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. தோற்றால் மறுபடி பழகச் சொல்லுதா, காசு கேட்குதா? நன்றாக ஆடினால் செலவு குறையுதா, கூடுதா? நிறுத்தும் இடம் என்று ஒன்று இருக்கா?

முஸ்தபா ஆடிய தலைமுறைக்கு இந்தக் கேள்விகள் புதுசு இல்லை. ஒரே காயினோடு கடை வாசலில் நின்றபோது, உள்ளே போகலாமா வேண்டாமா என்று அவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்.