ரொக்கப் பில்லும் ஒரு குவெரியும்

மருந்து மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. மேலாளர் கேட்கும் கணக்குக்கெல்லாம் டேட்டாபேஸிலிருந்து பதில் எடுத்துத் தர வேண்டும். அதற்கான குவெரியை இப்போது பெரும்பாலும் நான் எழுதுவதில்லை. செயற்கை நுண்ணறிவு எழுதுகிறது.

டெர்மினலில் ஒரே வரிதான். எந்த அட்டவணையில் என்னென்ன பத்திகள் என்ற ஸ்கீமாவை எங்கள் எஸ்க்யூலைட் டேட்டாபேஸிலிருந்து எடுத்து, பைப் குறி போட்டு, ‘எல்எல்எம்’ என்ற கட்டளைக்குள் அனுப்புகிறேன். செயற்கை நுண்ணறிவிடம் கேட்பதற்காகச் சைமன் வில்லிசன் 2023இல் வெளியிட்ட இலவசக் கருவி அது. கூடவே என் கேள்வி. சில விநாடிகளில் குவெரி வந்துவிடும். ஸ்கீமா மட்டும் போவதால், எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்களின் பெயரோ போன் நம்பரோ வெளியே போவதில்லை. இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மேலாளரிடம் மாட்டியதில்லை.

தப்பான குவெரி பிழை காட்டி நின்றுவிட்டால் கவலையே இல்லை. ஓடி முடித்துப் பதிலும் சொல்லிவிடுகிறதே, அதுதான் ஆபத்து.

மூன்று மாதமாகச் சரக்கு எடுக்காத கடைகள் எவை என்று கேட்டிருந்தேன். பில் அட்டவணையிலுள்ள கடை எண்களை வைத்து ‘நாட் இன்’ போட்டு லட்சணமாக ஒரு குவெரி வந்தது. ஓட்டினால் ஒரு கடைகூட வரவில்லை. அப்படியானால் எல்லாரும் சரக்கு எடுத்திருக்கிறார்கள். ஷட்டர் இறக்கிப் பூட்டிக்கிடக்கும் கடையுமா?

காரணம், கவுன்ட்டரில் ரொக்கத்துக்குப் போடும் பில். அதில் கடை எண் இருக்காது. அந்த இடத்தில் ‘நல்’ இருக்கும். நல் என்பது பூஜ்யமல்ல, ‘தெரியாது’. பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும், இந்தக் கடை அதில் இல்லை என்று எஸ்க்யூஎல்லால் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால் எந்தக் கடையையும் காட்டாது. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மாற்றியதும் கடைகள் வரிசையாக வந்தன. நல் வரலாம் என்பதை ஸ்கீமா சொல்லும். எங்கள் நிறுவனத்தில் தினமும் வருகிறது என்பது பில் போடும் பையனுக்குத்தான் தெரியும்.

ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் எஸ்க்யூஎல் மொழியை வெளியிட்டபோது, புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து அது கைகூடியிருக்கிறது. நல் மட்டும் அப்படியே இருக்கிறது.

வந்த குவெரியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், இன்னொரு பைப் போட்டு நேரே டேட்டாபேஸுக்கே அனுப்புகிறார்கள் சில இளைஞர்கள். எஸ்க்யூலைட்டை ‘ரீட்ஒன்லி’யாகத் திறந்தால் டெலீட் வந்தாலும் தப்பிக்கலாம். தப்பான கணக்கிலிருந்து தப்பிக்க அது உதவாது. என் குவெரியும் வாசிக்க மட்டும்தான் செய்தது.

நேர்காணலில் ‘இரண்டாவது அதிகச் சம்பளம் வாங்குபவர் யார், குவெரி எழுது’ என்று கேட்பது நம் ஊர் வழக்கம். எழுதுவது இப்போது கருவியின் வேலை என்பதால், ஆள் எடுக்கும்போது அதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். குவெரியையும் சின்னதாக ஒரு அட்டவணையையும் கையில் கொடுத்து, எத்தனை வரி வரும், ஏன் என்று கேட்கிறேன். திணறுபவர்களில் டேட்டாபேஸ் (டிபிஎம்எஸ்) பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் உண்டு. கல்லூரி லேப் தேர்விலும் இப்படிக் கேட்கலாம். பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, கேள்வித்தாளை மாற்றினால் போதும்.