கப்பற் கூலியும் கடற் காற்றும்

கடலைக் காணாது ஒரு நாளும் கழியாத ஊர் கல்முனை. ஆயினும், இங்கே பிறந்து வளர்ந்தாரைப் பார்த்து, கப்பலில் ஏறியதுண்டோ என்று வினவினால் பெரும்பாலோர் இல்லையென்றே தலையசைப்பர். தோணியும் கரைவலையும் நம்மவர்க்கு நன்கு தெரியும். மிதக்கும் மாளிகையோ தொலைவானத்திலே தோன்றி மறையும் விளக்கு வரிசை மாத்திரமே. அத்தகைய ஊரில் இருந்துகொண்டு உல்லாசக் கப்பற் பயணத்தின் செலவைப்பற்றி எழுதப் புகுவதேன் என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். காரணம் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் உழைக்கும் குடும்பங்கள் சிலவற்றில் விடுமுறைக்குக் கப்பலிற் போகலாமா என்ற பேச்சு எழுந்திருக்கின்றது. நாகூருக்குப் போக விரும்புவோரும், மருத்துவத்தின் பொருட்டுத் தமிழகம் செல்வோரும் காங்கேசன்துறைக் கப்பலைப்பற்றி விசாரிக்கின்றனர். இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள்போலத் தோன்றினும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: கப்பலில் ஏற எவ்வளவு ஆகும், அப்பணத்துக்கு என்ன கிடைக்கும்?

ஓரிடத்தை அடைவதற்காக அன்றி, கப்பலில் இருப்பதற்காகவே கப்பல் ஏறுவது பழைய வழக்கம் அன்று. 1844ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் தாக்கரே, பி. அண்ட் ஓ. கம்பெனி கொடுத்த இலவசச் சீட்டில் மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்து அதைப் புத்தகமாக எழுதினார். விளம்பரத்துக்குக் கம்பெனி செலவிட்டது ஒரு சீட்டு. கிடைத்தது ஒரு நூல். நல்ல வியாபாரந்தான்! உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதற் கப்பலாகிய ‘பிரின்செசின் விக்டோரியா லூயிசே’ 1900இல் ஜெர்மனியில் நீரில் இறங்கியது. செல்வர்க்கே உரியதாயிருந்த இவ்வின்பத்தை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டச் செய்தவற்றுள் 1972இல் தொடங்கிய கார்னிவல் கம்பெனி முக்கியமானது. அதன் முதற் கப்பல் முதற் பயணத்திலேயே மயாமிக் கரையருகே மணலில் தட்டி நின்றதென்பது வேடிக்கை.

அக்காலத்துச் சீட்டின் சிறப்பு, ஒருமுறை பணம் கட்டினால் அறை, உணவு, ஆடல் பாடல் யாவும் அதனுள் அடங்கியமை. இன்றைய சீட்டு அப்படியன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள தொகை, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியே செல்பவர் பெரும்பாலும் இருவர் பணத்தையும் தாமே கட்டவேண்டும். அதுவும் கப்பலின் நடுவே, சாளரம் இல்லாத அறைக்கு உரிய விலை. கடலைக் கண்ணாடி வழியே பார்க்க வேண்டுமாயின் ஒரு விலை. மாடத்திலே நின்று காற்று வாங்க வேண்டுமாயின் வேறொரு விலை. கடற்காற்றுக்கே கட்டணம் வந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. துறைமுக வரி தனி, குளிர்பானம் தனி, இணைய இணைப்புத் தனி, பொதுப் போசனசாலையை விட்டு வேறு சாலையில் உண்டால் அதற்கும் தனி. கரையில் இறங்கி ஊர் பார்க்கச் செல்லும் பஸ் வண்டிக்கும் கம்பெனியே கட்டணம் பெறும்.

பணியாளர் அன்பளிப்பின் கதை இன்னும் சுவையானது. முன்னெல்லாம் பயணத்தின் கடைசி இரவில், பரிமாறியவருக்கும் அறை துப்புரவு செய்தவருக்கும் பயணிகள் உறையிலிட்டுத் தம் விருப்பம்போற் கொடுத்தார்கள். இப்பொழுது அமெரிக்கக் கம்பெனிகள் பலவற்றில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினாறு டாலர் முதல் இருபது டாலர் வரை அது கணக்கில் தானாகவே ஏறிவிடுகின்றது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஏழு நாட் சென்றால், நாளுக்குப் பதினாறு டாலர் என்று வைத்துக்கொண்டாலும் 448 டாலர். மாணவர்கள் இதனை நம் நாணயத்துக்கு மாற்றிப் பார்ப்பார்களாக. நல்ல பெருக்கற் பயிற்சி.

விலையேற்றத்துக்கெல்லாம் பேராசையே காரணம் என்று சொல்லிவிடுதல் எளிது. முழு உண்மை ஆகாது. 2020இல் ஜப்பானின் யோக்கோகாமாவில் நிறுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்செஸ்’ கப்பலில் 3,711 பேருள் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. அதன்பின் உலகமெங்கும் உல்லாசக் கப்பல்கள் மாதக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தன. வருமானமின்றிக் கிடந்த காலத்தில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டும் சுமை இன்றைய பயணியின் தலையிலும் ஒரு பங்கு விழுகின்றது. அதே 2020ஆம் ஆண்டின் முதல் நாள் தொட்டுக் கப்பல் எரிபொருளில் கந்தகம் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற சர்வதேச விதி நடைமுறைக்கு வந்தது. தூய எண்ணெய்க்கு விலை கூட. துறைமுகங்களும் சும்மா இருக்கவில்லை. கிரேக்க நாடு 2025 யூலை முதல், சந்தொரினி, மிக்கோனோஸ் என்னும் தீவுகளில் கூட்டம் மிகுந்த பருவத்தில் இறங்கும் கப்பற் பயணி ஒவ்வொருவரிடமும் இருபது யூரோ பெறுகின்றது. அத்தீவு மக்களின் தெருவும் தண்ணீரும் அவர்களுக்கும் வேண்டுமே.

கப்பலும் மாறிவிட்டது. 2024 சனவரியில் முதற் பயணம் சென்ற ‘ஐகன் ஒஃப் த சீஸ்’ ஏறத்தாழ 7,600 பயணிகளை ஏற்கவல்லது. நம் பக்கத்தில் ஒரு வட்டாரத்தையே பெயர்த்து அதிலே வைத்துவிடலாம். நீர்ச்சறுக்குகளும் கடைத்தெருவும் உள்ள அக்கப்பலில் கடலை நோக்கி அமரவேண்டிய தேவையே பலருக்கு நேராது. இது நம் சுவைக்கு ஒத்ததன்று. ஆனால் பிள்ளைகள் விரும்புவர் என்பதை மறுக்க மாட்டோம்.

இலங்கைக்கும் இக்காற்று வீசாமல் இல்லை. 2023 யூன் மாதத்தில் சென்னையிலிருந்து கோர்டேலியாக் கம்பெனியின் ‘எம்பிரஸ்’ கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்கு வரத் தொடங்கியது. புதுக் கப்பல் அன்று. 1990இல் கட்டப்பட்டு வேறு பெயர்களுடன் வேறு கடல்களில் ஓடியது. அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் இடையே கிழக்குக் கடலில் நம் கரை இருக்கின்றது. பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை, மருதமுனை என்று நீளும் இக்கரையில் அது நிற்பதில்லை.

நிற்க. கப்பற் கூலி ஏறுவதைப் பற்றியே பேசுகின்றோம்; அது இறங்கிய காலமும் ஒன்று உண்டு. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி தன் கூலியை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாவாக்கியது. வெள்ளையர் கம்பெனி இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். தாக்கரேக்குக் கிடைத்த இலவசச் சீட்டு ஒரு புத்தகத்தில் முடிந்தது; தூத்துக்குடியில் கிடைத்த இலவசச் சீட்டோ ஒரு சுதேசி நிறுவனத்தின் அழிவுக்குத் துணைசெய்தது. 1908இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911இல் சங்கமும் கலைந்தது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று கொழும்பு கோட்டை வரை வரலாம். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபின் இராமேசுவரத்திலிருந்து ‘இராமானுஜம்’ ஓடியது. 1980களில், போர்ச் சூழலில் அதுவும் நின்றது. அக்காலத்தை நினைந்து உருகுவோர்க்கு ஒரு சொல். அக்கூலி மலிவு என்பது மெய். தளப்பயணியின் பாடும் மெய். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. பெட்டியும் பாயுமாகத் திறந்த தளத்திலே, ஒருவர் வாந்தி எடுக்க மற்றவர் உண்ணவேண்டிய அப்பயணத்தை மலிவு என்ற ஒரே காரணத்தால் பொற்காலம் என்று பாராட்டுதல் முறையாகாது. ஆனால் ஏழை ஏற முடிந்தது. அதையும் மறத்தல் ஆகாது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி நாகப்பட்டினத்திலிருந்து ‘செரியபாணி’ காங்கேசன்துறைக்கு வந்தது. நூற்றைம்பது ஆசனங்கள், நான்கு மணி நேரத்துக்குட்பட்ட பயணம். ஒருவழிக் கட்டணம் 6,500 இந்திய ரூபா. அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வரி சேர்ந்து 7,670. முதல் நாள் மாத்திரம் சலுகை விலை. இருபதாந் திகதியோடு பருவக்காற்றின் காரணமாகக் கப்பல் நின்றது. பின்னர் 2024 ஓகஸ்ட் 16இல் தனியார் கம்பெனி ஒன்றின் ‘சிவகங்கை’ அதே வழியில் புறப்பட்டது. அப்போதைய கட்டணம் சாதாரண ஆசனத்துக்கு 5,000 இந்திய ரூபா, உயர்வகுப்புக்கு 7,500. அதாவது, சாதாரண ஆசனத்துக்கு அன்றைய மாற்று விகிதப்படி நம் பணத்தில் ஏறத்தாழப் பதினெண்ணாயிரம் ரூபா.

கல்முனைக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாய், தந்தை, பிள்ளைகள் இருவர். எல்லார்க்கும் முழுச் சீட்டென்று கொண்டால், போய்வர எட்டுச் சீட்டு. ஒன்றரை இலட்சத்துக்குச் சிறிது குறைவு. இதன்மேல், மட்டக்களப்பைக் கடந்து வடமுனையை அடைய ஓரிரவு பஸ் பயணம், திரும்பி வரவும் அவ்வாறே, வீசாச் செலவு, பொதிக்குத் தனிக்கூலி ஏறினால் அதுவும். கட்டுநாயக்கா விமானத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் எவ்வளவு என்பதை அந்தந்த வாரத்து விலையைப் பார்த்தே சொல்லலாம். சில வாரங்களில் மிச்சமே இராது. வகுப்பிலே ஒரு மாணவன், “கட்டணம் ஒன்றாயிருந்தால் கப்பலுக்கு யார் போவார், சேர்?” என்று கேட்டான். விமானத்தில் ஏற அஞ்சும் முதியோரும், மூட்டை முடிச்சு மிகுந்தோரும், கடலைப் பார்க்க விரும்புவோரும் போவர் என்றோம். அவன் முகத்தில் நிறைவு தோன்றவில்லை. நமக்கும் அவ்விடை போதவில்லை. இக்கடல்வழி இரு கரை மக்களுக்கும் ஒரு தெரு. தெருவுக்கு உல்லாச விலை வைத்தால் அது உல்லாசத்துக்கே பயன்படும். நாகப்பட்டினத் துறைமுகச் செலவுகளுக்கு இந்திய அரசு உதவ முன்வந்தது இதனை உணர்ந்தே போலும். நம் பக்கத்திலும் பயணிமேல் விழும் வரிகளை அந்த நோக்கோடு பார்த்தல் வேண்டும்.

ஒலுவிலில் ஒரு துறைமுகம் இருக்கின்றதே என்று சிலர் நினைவூட்டுவர். 2013இல் திறக்கப்பட்டது. வாயிலை மணல் மூடிற்று. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அதன் கதை தனியே எழுதத் தக்கது. அங்கிருந்து பயணிகள் கப்பல் புறப்படும் என்ற கனவை இப்போதைக்கு மடித்து வைத்தலே நன்று.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடி ஏறுகின்றது. நாகூரிலும் அதே பிறையில் கந்தூரிக் கொடி ஏறும். நாகப்பட்டினத்தில் இறங்கினால் நாகூர் அடுத்த ஊர். ஆயினும் 2023இலும் 2024இலும் கொடியேற்றம் டிசெம்பரில் வந்தது; 2025இல் நவம்பரின் பிற்பகுதி. வடகீழ்ப் பருவக்காற்று கடலைக் கலக்கும் காலம் அது, கப்பல் ஓடாது. பிறைக்கணக்கு ஆண்டுக்குப் பதினொரு நாள் முந்தும். 2029இல் கொடியேற்றம் ஒக்டோபரின் முற்பகுதிக்கு வந்துவிடும். ‘செரியபாணி’ புறப்பட்ட அதே நாட்கள். யாத்திரைக்குப் பணம் சேர்ப்போர் அவ்வாண்டைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். சீட்டு வாங்குமுன், கட்டணத்துள் எவையெவை அடங்கும் என்பதை எழுத்திற் கேட்டு வாங்குவார்களாக.